பால்வாடியில் சோறு மட்டும் இல்லை

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராகப் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் இன்றைக்கும் பால்வாடி டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் மையத்தில் மணலில் விளையாடிய பிள்ளைகளே இப்போது தங்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு யோசனை கேட்க வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான். "டீச்சர், பால்வாடியில விடவா, இல்ல வேன்ல ஏத்தி இங்கிலீஷ் நர்சரிக்கு அனுப்பவா?" பதில் சொல்லத் தொடங்கினால், மையத்தில் என்னென்ன கிடைக்கும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை என்று புரிகிறது. மதியம் சோறு போட்டுத் தூங்க வைக்கிற இடம் என்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. அன்றைக்கே ஆறு சேவைகளைச் சேர்த்துத்தான் வைத்தார்கள்: இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரை, முன்பருவக் கல்வி, தாய்மாருக்கு ஊட்டச்சத்து பற்றிய அறிவுரை. தமிழ்நாட்டில் 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகளையும் அதில் சேர்த்தார். இன்று மாநிலத்தில் குறு மையங்களையும் கணக்கில் எடுத்தால் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. இவ்வளவையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்ததில் பெரிய அர்த்தம் இருக்கிறது. பிள்ளை காலையில் எப்படி வருகிறது, எப்படி விளையாடுகிறது, தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்கிறது, போன மாதம் எவ்வளவு எடை இருந்தது, வீட்டில் என்ன சங்கடம் என்பதெல்லாம் ஒரே ஆளின் கண்ணில் படுகிறது. டாக்டருக்கு எடை தெரியும், விளையாட்டு தெரியாது. நர்சரி டீச்சருக்கு எழுத்து தெரியும், வீடு தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்குத்தான் ஒரு பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்பது சீக்கிரம் பிடிபடும்.

எடையிலிருந்தே தொடங்குகிறேன். அதைத்தான் வீட்டுக்காரர்கள் ரொம்ப லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மாதம் ஒரு தடவை எடை பார்ப்போம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் படுக்க வைத்து நீளம் அளக்க வேண்டும், அதற்கு மேற்பட்டதை நிற்க வைத்து உயரம். கொலுசு, தண்டை, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால், எப்போதும் அதே தராசில் பார்க்க வேண்டும். இதில் ஒன்று மாறினாலும் கணக்கு தப்பும். பிறந்த தேதியைத் தப்பாகச் சொன்னால் இன்னும் மோசம். இரண்டு மாதம் கூட்டிச் சொன்னால் நல்ல பிள்ளையும் மெலிந்த பிள்ளையாகத் தெரியும். அதனால் சேர்க்க வரும்போதே பிறப்புச் சான்றிதழையும் தாய்-சேய் அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள்.

வளர்ச்சி அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டைகள் இருக்கும். பிள்ளை பச்சையில் இருந்தால் போதும் என்று தாய்மார்கள் நிம்மதியாகப் போய்விடுவார்கள். கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பச்சைக்குள்ளேயே இருந்தாலும் இரண்டு மாதம் ஏறாமல் படுத்துக் கிடந்தால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. மஞ்சளில் இருக்கும் பிள்ளையின் கோடு மாதாமாதம் மேலே ஏறினால் அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்குப் பயம் குறைவு.

ஒன்றரை வயதுப் பெண் பிள்ளை ஒன்றுக்கு அப்படிக் கோடு படுத்துவிட்டது. விசாரித்தால், அம்மா மில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். விடியற்காலையில் கம்பெனி வண்டி வந்துவிடும். பிள்ளையை அப்பத்தா பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்குப் போனேன்.

"ஏன் அயித்த, பாப்பா காலையில என்ன சாப்பிட்டா?"

"டீயில வர்க்கிய நனைச்சுக் குடுத்தேன் டீச்சரு. அத விட்டா வேற எதையும் தொட மாட்டேங்குறா."

"மத்தியானம்?"

"ரசஞ்சோறு. நல்லாக் கரைச்சு ஊட்டுனா முழுங்கிருவா."

அந்த அப்பத்தா பிள்ளையைப் பட்டினி போடவில்லை. நாள் முழுக்க அதன் பின்னாலேயேதான் திரிந்தார். ஆனால் அந்தச் சின்ன வயிறு தண்ணீரால்தான் நிறைந்துகொண்டிருந்தது. அதோடு டீ வேறு. உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர விடாமல் டீ தடுக்கும். இதை வாயால் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் அதையேதான் செய்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் அடுப்படிக்கே போய்விட்டேன். பருப்பும் சோறும் ஒரு கீரையும் சேர்த்துக் குழையப் பிசைந்து, ஒரு கரண்டி கடலை எண்ணெய் விட்டு, கரண்டியைச் சாய்த்துக் காட்டினேன். "வழிஞ்சு ஓடக் கூடாது அயித்த. கரண்டியிலயே நிக்கணும். அந்தப் பதம்தான் பிள்ளைக்கு ஒட்டும்." ஒரே நேரத்தில் நிறைய ஊட்ட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள் என்றேன். மையத்தில் கொடுக்கும் சத்துமாவு எங்கே என்று கேட்டால், பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று பாக்கெட் பரணில் கிடந்தது. இறக்கச் சொல்லி அதிலேயே கொழுக்கட்டை பிடித்தோம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும் அந்த மாவு இலவசமாகக் கிடைக்கிறது. கஞ்சியாக மட்டுமே காய்ச்சினால் எந்தப் பிள்ளையும் சலித்துப் போகும். புட்டு, உருண்டை, அடை, முருங்கைக்கீரை போட்ட ரொட்டி என்று மாற்றிக்கொண்டே இருந்தால் பரணுக்குப் போகாது. அடுத்தடுத்த மாதங்களில் அந்தப் பிள்ளையின் கோடு எழுந்து நின்றது. பிறகு அந்த அப்பத்தாவே தெருவில் மற்ற பாட்டிமாருக்குக் கரண்டி சாய்த்துக் காட்டத் தொடங்கிவிட்டார். நான் சொல்வதைவிட அவர் சொன்னால் எடுபடும்.

புதிதாக வேலைக்கு வரும் தங்கைகளுக்கு இதில் ஒன்று சொல்ல வேண்டும். தாயைக் கூட்டிவைத்துப் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். பகலில் ஊட்டுகிற கை யாருடையது என்று பாருங்கள். அப்பத்தாவோ, பெரியம்மாவோ, பத்து வயது அக்காவோ, அந்தக் கைக்குத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். எடையை எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுச் சொல்லாதீர்கள். "எடை போட்டா கண்ணு பட்டுப் பிள்ளை இளைச்சிரும்" என்று நம்புகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. அவர்களோடு வாதாடிப் பிரயோஜனம் இல்லை. தனியாகப் போட்டு, அட்டையில் குறித்து, தாயிடம் மட்டும் காட்டினால் மறுமாதமும் வருவார்கள்.

கைச்சுற்று அளவு நாடாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு மேல்கையின் நடுவில் சுற்றிப் பார்ப்பது. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் அது தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். 12.5க்குள் இருந்தால் கவனமாக இருக்க வேண்டும். இன்னொன்று, இரண்டு கால் பாதத்திலும் கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால் அது வீக்கம். அப்படிப்பட்ட பிள்ளை பார்க்கக் கொழுகொழுவென்றுகூட இருக்கும். அந்தக் கொழுகொழுப்பை நம்பிவிடாதீர்கள். 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கணக்கெடுத்து மருத்துவ உதவியும் தனிச் சத்துணவும் கொடுக்கிறார்கள். கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

இனிக் கல்விக்கு வருகிறேன். மனக்குறையோடு என்னிடம் வந்த பெற்றோர் நிறைய.

ஒரு தகப்பனார் கோபமாகவே வந்தார். "டீச்சர், ஒரு வருஷமா வர்றான். இன்னும் 'அ' எழுதத் தெரியல. பக்கத்து வீட்டுப் புள்ள ஏ டு இசட் எழுதுது."

"தம்பி, நாளைக்கு ஒரு மணி நேரம் இங்கேயே வந்து உக்காருங்க. உங்க பையன் என்ன செய்யுறான்னு நீங்களே பாருங்க" என்றேன்.

வந்தார். சுவரோரம் உட்கார்ந்தார். அவருடைய பையன் சோடா மூடிகள் இருந்த டப்பாவைக் கவிழ்த்தான். முதலில் நிறம் பார்த்துப் பிரித்தான். சிவப்புக் கும்பலில் பெரிசும் சின்னதும் கலந்திருப்பதைப் பார்த்துவிட்டு அதை மறுபடி இரண்டாக்கினான். வரிசையாக அடுக்கும்போது பக்கத்திலிருந்த பெண் பிள்ளை இரண்டு மூடியை எடுத்துக்கொண்டது. இவன் வரிசையை விரல் வைத்து எண்ணிப் பார்த்தான். "ரெண்டு கொறையுது. குடு." அவள் மாட்டேன் என்றாள். கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு, "சரி, நீ பச்சைய எடுத்துக்க, செவப்பக் குடு" என்று பேரம் பேசி வாங்கிவிட்டான். அந்தத் தகப்பனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பையன் வகை பிரித்தான், எண்ணினான், கழித்தான், கோபத்தை அடக்கினான், முழு வாக்கியமாகப் பேசிக் காரியத்தை முடித்தான். எழுதப் படிக்க எல்லாம் இதற்கு மேல்தான் ஏறும் என்று அவரிடம் சொன்னேன். அதன் பிறகு அவர் 'அ'வைப் பற்றிக் கேட்கவில்லை. ஊரில் மூடி பொறுக்கி மையத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று வயதுக் கைக்குப் பென்சில் பிடிக்கிற வலு வந்திருக்காது. களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது, மணி கோப்பது, ஈர மணலில் விரலால் கோடு இழுப்பது, துணி பிழிவது எல்லாமே அந்தக் கையைத் தயார்ப்படுத்தும் வேலைகள். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பேர். சுற்றிலும் இருக்கிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றியே பாட்டு, கதை, உரையாடல், விளையாட்டு எல்லாம் போகும். தண்ணீர் என்றால் குளத்தைப் பற்றிப் பேசி, குடத்தில் ஊற்றி அளந்து, எது மிதக்கும், எது முங்கும் என்று போட்டுப் பார்ப்போம். வீட்டில் பேசும் மொழியிலேயே பிள்ளை இதையெல்லாம் யோசித்துப் பேசப் பழக வேண்டும். அந்த வயதில் வேற்று மொழியில் ஒப்பிக்க வைத்தால் பிள்ளை ஒப்பிக்கும், கேள்வி கேட்காது. நான் பார்த்தவரை, கேள்வி கேட்கிற பிள்ளைதான் பிற்பாடு படிக்கிறது.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ராத்திரி படுக்கும்போது ஒரு கதை. அதுவும் பாதியில் நிறுத்தி "அப்புறம் நரி என்ன பண்ணிருக்கும்?" என்று கேளுங்கள். தட்டு கழுவும்போது எது பெரிசு, எது சின்னது என்று அடுக்கச் சொல்லுங்கள். புளியங்கொட்டை, சோழி மாதிரி சின்னச் சாமான்களை மட்டும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். மூக்கிலும் தொண்டையிலும் போய் அடைத்துக்கொள்ளும்.

புதிதாகச் சேர்க்கும் பிள்ளை அழத்தான் செய்யும். அழுகிற பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு, அது பார்க்காத நேரத்தில் நழுவி ஓடுவது பெரிய வழக்கமாக இருக்கிறது. அப்படிச் செய்தால் பிள்ளைக்கு அடுத்த நாளும் பயம், அதற்கு அடுத்த நாளும் பயம். முதலில் சில நாள் கூடவே வந்து உட்காருங்கள். பிறகு கொஞ்ச நேரம் விட்டுப் பழக்குங்கள். போகும்போது முகத்தைப் பார்த்து, "சோறு சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி வாருங்கள். இரண்டு வயசுப் பிள்ளைக்கு மணி தெரியாது, சோறு சாப்பிடுவது தெரியும். வீட்டிலிருந்து ஒரு பழைய துணியோ பொம்மையோ கொண்டுவந்தால் அதையும் விடச் சொல்லாதீர்கள்.

இனிச் சொல்லப் போவதுதான் என் மனதுக்கு முக்கியமானது.

மூன்று வயதுப் பையன் ஒருவன் ரொம்ப முரடு என்று பேர் வாங்கியிருந்தான். பாட்டுக்கு உட்கார மாட்டான், கூப்பிட்டால் வர மாட்டான், பிள்ளைகளைத் தள்ளுவான். பேச்சு நாலைந்து சொல்தான். வீட்டில் கேட்டால், "அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு நாள் அவன் முன்னால் நின்று கைகாட்டிக் கூப்பிட்டேன், வந்தான். பின்னால் நின்று அதே பேரைச் சொன்னேன், திரும்பவில்லை. தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினேன், மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பின, இவன் மூடி அடுக்கிக்கொண்டே இருந்தான். தாயிடம் பேசியபோதுதான், காதில் அடிக்கடி சீழ் வடியும், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவோம் என்று சொன்னாள்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு ஒன்று வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் பார்ப்பார்கள். அவர்கள் வந்த அன்று அந்தப் பையனை முதல் ஆளாகக் காட்டினேன். பிள்ளைகளின் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டு சிகிச்சையும் பயிற்சியும் கொடுக்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தாய் தயங்கினாள். "ஊமைன்னு முத்திரை குத்திருவாங்களே டீச்சர்" என்று அழுதாள். நான் கூடப் போனேன். வழியில் ஓர் இடத்தில் இந்த அறை, அந்த அறை என்று எங்களை அலைக்கழித்தார்கள். மதியத்துக்கு மேல் நாளைக்கு வா என்றார்கள். கையில் எழுத்துப் பூர்வமான சீட்டு இருந்ததால்தான் மேலே கேட்டு உள்ளே போக முடிந்தது. சோதனையில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. காதுக்குச் சிகிச்சை, கேட்கும் கருவி, பேச்சுப் பயிற்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை மையத்தில் நானும் வீட்டில் அவளும் செய்தோம். அவனை எப்போதும் என் முகம் தெரிகிற இடத்தில் உட்கார வைத்துப் பேசினேன். தள்ளுவது தானாகக் குறைந்தது. மற்றவர்கள் சொல்வது கேட்காமல், தான் சொல்வதும் புரியாமல் இருந்தால் எந்தப் பிள்ளைதான் தள்ளாது?

ஆகவே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். ஒருகாலத்தில் பேசிய சொற்களைப் பிள்ளை விட்டுவிட்டால், எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும். போகப் போகச் சரியாகிவிடும் என்று ஊரே சொல்லும். காட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. காதுக்குள்ளேயே கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையை அரசுக் காப்பீட்டில் செய்ய வயது வரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போட்டால் வாய்ப்பே கைவிட்டுப் போகலாம். காதில் எண்ணெய் ஊற்றவே ஊற்றாதீர்கள். எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு சீட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை என்றைக்கு வர வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தையாகச் சொன்னால் அதை வைத்து யாரையும் கேட்க முடியாது.

கர்ப்பிணிகளும் மையத்தைச் சேர்ந்தவர்கள்தான். கர்ப்பம் உறுதியானதும் பதிந்துவிடுங்கள், சத்துமாவு அன்றிலிருந்தே உண்டு. சமுதாய வளைகாப்புக்குக் கூப்பிட்டால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சீம்பால் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்பதை அந்தக் கூட்டத்தில் சொன்னால் வீட்டில் பிறகு சண்டை வராது. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனால் அங்குள்ள மையத்தில் சொல்லிப் பதிவை மாற்றிக்கொள்ளலாம். சூளையிலும் கட்டட வேலையிலும் தங்கியிருக்கும் வெளி மாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இதே உரிமை உண்டு. இந்தி பேசும் பிள்ளை ஒன்று என் மையத்தில் எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து 'நிலா நிலா ஓடி வா' பாடியதை அதன் தாய் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மையம் சரியில்லை என்றால் பிள்ளையை நிறுத்திவிடாமல் கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் மழைக்கு ஒழுகியது, பிள்ளைகளுக்கேற்ற கழிப்பறை இல்லை. நான் எழுதிய கடிதங்கள் போன இடம் தெரியவில்லை. தாய்மார் சேர்ந்து அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபையில் பேசினார்கள், தீர்மானம் எழுத வைத்தார்கள், நகல் வாங்கினார்கள். அதன் பிறகு வேலை நடந்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். உங்கள் குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேராவது இருந்து மையமே இல்லை என்றால், மையம் கேட்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரிலேயே கொடுத்திருக்கிறது.

இனி அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். வேனில் அனுப்புவதா, பால்வாடியா? போய்ப் பாருங்கள். பிள்ளைகள் தரையில் இறங்கி விளையாடுகிறார்களா? பேசும் சத்தம் கேட்கிறதா? விளையாட்டுச் சாமான்கள் பிள்ளை எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா? சமையல் நடக்கும் இடத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தடுப்பு உண்டா? ஆயாம்மா சாப்பாட்டுக்கு முன் கை கழுவ வைக்கிறாரா? தெரியாத ஆள் வந்து கேட்டால் பிள்ளையை விடாமல் வைத்துக்கொள்வார்களா? வாரத்தில் மூன்று நாள் முட்டை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா? இதெல்லாம் நன்றாக இருந்தால், நடந்து போகும் தூரத்தில், சொந்த மொழியில், எடையும் பார்த்துத் தடுப்பூசியும் ஞாபகப்படுத்துகிற இடத்தை விட்டுவிட்டு மூன்று வயசுப் பிள்ளையை வேனில் ஏற்ற நான் சொல்ல மாட்டேன். இங்கிலீஷும் வேண்டும் என்கிறவர்களுக்காக, 2019இல் அரசுப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பக்கத்துப் பள்ளியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மையம் நன்றாக இல்லாமல், நல்ல நர்சரி பக்கத்திலேயே இருந்தால் அதில் சேருங்கள். அப்போதும் மாத எடைக்கும் தடுப்பூசிக்கும் அங்கன்வாடிக்கு வரலாம், யாரும் தடுக்க முடியாது.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் வருஷம் இரண்டு காரியத்தை மறக்காதீர்கள். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்து ஐந்திலிருந்து ஆறு வயதுக்குள் போட வேண்டிய டி.பி.டி. இரண்டாவது ஊக்க ஊசி பெரும்பாலும் விட்டுப்போகிறது. பிள்ளை பெரிசாகிவிட்டது, இனி ஊசி எதற்கு என்று இருந்துவிடுகிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் அட்டையைக் காட்டிப் போட்டுவிடுங்கள். இன்னொன்று, மையத்தில் பிள்ளையைப் பற்றிக் குறித்து வைத்திருக்கும் மதிப்பீட்டு அட்டையைக் கேட்டு வாங்கி, அதை ஒன்றாம் வகுப்பு டீச்சர் கையில் கொடுங்கள். இவனுக்கு எந்தக் காது மந்தம், இவள் எதற்குப் பயப்படுவாள், யார் வந்து கூட்டிப்போவார்கள், எந்தக் கதையைக் கேட்டால் அழுகையை நிறுத்துவாள் என்பதையும் ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துக் கொடுங்கள்.